ஏற்க இயலாத கானாங்கோழி

மேடவாக்கத்தில் பதினான்காவது மாடியில் குடியிருக்கும் ஒருவர், கையில் காபியோடு பால்கனியில் நின்று ஒரு பருந்தைப் படம் பிடிக்கிறார். பத்தே விநாடியில் அது எங்கள் வாட்ஸப் பறவைக் குழுவில் வந்து விழுகிறது. "ராஜாளி! கன்ஃபர்ம் பண்ணுங்க சார்!" எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "பருந்து" என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்புகிறேன். உடனே "ஷ்யூரா சார்?" என்று இன்னொன்று வருகிறது. தினமும் இதுதான் என் காலைச் சிற்றுண்டி.

குழுவை இப்போது நடத்தும் கார்த்திக் நல்ல பிள்ளைதான். அவர்தான் கேட்டார், "உங்க காலத்துல ரெக்கார்ட்ஸ் எல்லாம் எப்படி சார் வெரிஃபை பண்ணீங்க? ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன். கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லா இருக்கும்." பாசிட்டிவாக எழுத அவர் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு நடந்ததை எழுதத்தான் தெரியும்.

தாலுகா அலுவலகத்தில் நான் ரெக்கார்ட் கிளார்க். பட்டா, சிட்டா, அடங்கல் என்று பழைய கட்டுகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டியவன். அந்தத் தகுதி ஒன்றுக்காகவே எங்கள் பறவை பார்க்கும் குழுவில் என்னைப் பதிவாளர் ஆக்கினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொக்குக்கும் மடையானுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு வருஷம் மற்றவர்களின் தொலைநோக்கி முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஏரி ஏரியாக நடந்தேன். மூன்றாம் வருஷம் கையில் ஒரு பெரிய நோட்டைக் கொடுத்துவிட்டார்கள். அலுவலகத்திலிருந்தாவது ஓய்வு கிடைத்தது. இந்த உத்தியோகத்திலிருந்து என்னை விடுவிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

அப்போதெல்லாம் தகவல் தபால் கார்டில் வரும். யார் எங்கே எதைப் பார்த்தாலும் கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டு விலாசத்துக்கு எழுதிப் போட வேண்டும். மாதக் கடைசியில் நான் எல்லாவற்றையும் தொகுத்து, ஸ்டென்சிலில் டைப் அடித்து, உருட்டி, நாற்பது பேருக்குத் தபாலில் சேர்க்க வேண்டும். கார்டுகள் வந்த லட்சணத்தைச் சொன்னால் கார்த்திக் நம்ப மாட்டார். "பெரிய பறவை ஒன்று பார்த்தேன். மிக அழகாக இருந்தது. பெயர் என்ன என்று உடனே பதில் எழுதவும்." நிறம் கிடையாது, இடம் கிடையாது, தேதிகூடக் கிடையாது. பல்லாவரத்தில் ஒரு வங்கி அதிகாரி இருந்தார். மாதம் தவறாமல் கழுகு பார்ப்பார். அவர் மொட்டை மாடிக்கு மேல் பறந்த ஒவ்வொரு பருந்தும் கழுகாகத்தான் கீழே இறங்கியது.

இந்தக் கூத்தையெல்லாம் கட்டி மேய்த்தவர் பட்டாபிராமன் சார். வானிலைத் துறையில் கருவிகளைப் படித்து எழுதுவதே வேலையாக இருந்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் அவர் வீட்டு முன் அறையில்தான் மாதாமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஒல்லியான உருவம், எப்போதும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பித்தான் வரை போட்டிருப்பார். யாரையும் கடிந்து பேச மாட்டார். "தப்பு" என்ற வார்த்தையை அவர் வாயால் கேட்டதே இல்லை. அவர் முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் வைத்த முறை இது. அரிய பறவையைப் பார்த்ததாக ஒருவர் சொன்னால், அவருக்கு ஒரு தாள் கொடுப்போம். அதில் ஒரு பறவையின் உருவம் வெறும் கோடாக இருக்கும். கொக்குக்கும் அதே உருவம்தான், குருவிக்கும் அதே உருவம்தான். பார்த்தவர் அன்றைக்கே, எந்தப் புத்தகத்தையும் திறப்பதற்கு முன்னால், பென்சிலால் அதில் நிறங்களையும் கோடுகளையும் குறிக்க வேண்டும். பார்க்காத பாகத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும். புத்தகத்தைத் திறந்துவிட்டால் கண் பார்த்ததை மறந்துவிடும், புத்தகம் சொன்னதையே பார்த்ததாக நினைத்துக்கொள்ளும் என்பது சாரின் கட்சி. அதனால் ஒழுங்காகப் பார்த்தவரின் தாளில் பாதி வெறுமையாகத்தான் இருக்கும். முழுசாக நிரம்பிய தாள் வந்தாலே எனக்கும் சாருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

அடுத்தது நேர்முகம். சார் எதிரே உட்கார வைத்து, "சொல்லுங்க" என்பார். சொல்லி முடித்ததும், "இன்னொரு தடவை சொல்லுங்க." முடித்ததும், "இன்னொரு தடவை." மூன்று தடவையும் நான் குறிப்பெடுப்பேன். உண்மையாகப் பார்த்தவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வார், ஏதாவது புதிதாக ஞாபகம் வரும், தடுமாறுவார். மனப்பாடம் செய்தவர் மட்டும் ஒரே மாதிரி ஒப்பிப்பார். கடைசி விதி, இரண்டு பேர் பார்த்திருந்தால் நல்லது. ஒற்றை ஆள் சாட்சி என்றால் தாள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். தேறாததற்குத் தாளின் மூலையில் "ஏற்க இயலவில்லை" என்று எழுதிக் கோப்பில் வைப்பேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன்.

இந்த முறையில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது. எங்கள் தாசில்தார் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். இங்கேயாவது ஒழுங்கு இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பை எஸ்தர் வந்து கெடுத்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு நாள் எனக்கு ஒரு கார்டு வந்தது. "உங்கள் தாளில் நாலாம் பக்கத்தில் ஊசிவால் வாத்துகள் இன்னும் வரவில்லை என்று போட்டிருக்கிறது. எங்கள் ஏரிக்கு ஐப்பசியிலேயே வந்துவிட்டன. திருத்திக்கொள்ளவும். இப்படிக்கு, எஸ்தர்." யார் இந்த எஸ்தர், எங்கள் அறிக்கையில் தப்புக் கண்டுபிடிக்க? எனக்குக் கோபம். சாருக்கோ ஒரே சந்தோஷம், "கூப்பிடுங்க அந்த அம்மாவை" என்றார்.

வந்தவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். திருமுடிவாக்கம் பக்கத்துக் கிராமம். சின்னப் பட்டறை ஒன்றில் இரும்புச் சாமான்களைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. சுற்றுவதற்கு வந்த பழைய காகிதத்தில்தான் எங்கள் அறிக்கையைப் பார்த்திருக்கிறாள். நான் இரவு பகலாக டைப் அடித்தது போல்ட்டு நட்டு சுற்றப் போயிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணன் சாமுவேல் ஏரியில் மீன் பிடிப்பவன். விடியற்காலையில் அவனோடு ஏரிக்குப் போய்விட்டு அப்படியே வேலைக்குப் போவாளாம்.

எங்கள் குழுவிலேயே அவளைப் போலப் பார்க்கத் தெரிந்தவர் இல்லை. நாங்கள் புத்தகத்தில் படித்துவிட்டு ஏரியில் தேடுவோம். அவள் ஏரியில் பார்த்துவிட்டுப் பெயரை எங்களிடம் கேட்பாள். புத்தகம் அவளிடம் கிடையாது. சார் தன் பழைய பைனாகுலரை அவளுக்குக் கொடுத்தார். ஒன்றரை வருஷம் மாதம் நாலு கார்டு ஒழுங்காக வந்தது. தேதி, இடம், எண்ணிக்கை எல்லாம் இருக்கும். என் வாழ்க்கையில் படித்து எரிச்சல் வராத கார்டுகள் அவை மட்டும்தான்.

அதற்கு நடுவில் ஒன்று நடந்தது. வேறோர் ஏரியில் பறவைகளுக்கு வலை விரிப்பதாகக் குழுவில் யாரோ சொல்ல, சார் வனத்துறைக்குக் கடிதம் எழுதினார். நான்தான் டைப் அடித்தேன். ரேஞ்சர் வந்து ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு போனார். அந்த மாத அறிக்கையில் அதைப் பெரிய வெற்றியாகப் போட்டோம். எஸ்தருக்கும் ஒரு பிரதி போயிற்று.

சில மாதம் கழித்து, கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், எஸ்தர் தன் தாளைத் தபாலில் அனுப்பாமல் நேராகக் கொண்டுவந்தாள். "சார், இது இன்னான்னு எனக்குத் தெரியல. ஆனா நம்ம பக்கம் இது வந்ததே இல்ல சார்," என்றாள். சார் தாளைப் பார்த்தார், என்னிடம் நீட்டினார். இரண்டு பேருக்கும் உடனே தெரிந்துவிட்டது. சின்னக் கானாங்கோழி. சாதாரணக் கானாங்கோழி தாம்பரத்துச் சாக்கடை ஓரத்தில்கூட நடக்கும். இது வேறு. குருவியைவிடச் சற்றுப் பெரிது, குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும், நாணல் புதருக்குள் எலி மாதிரி ஓடி ஒளியும். சார் நாற்பது வருஷமாகத் தேடியும் பார்க்காதது. எங்கள் பட்டியலில் அதுவரை இல்லாதது.

தாள் முழுசாக நிரம்பியிருந்தது. கண் சிவப்பு. அலகு பச்சை. முதுகில் கறுப்புக் கரை போட்ட வெள்ளைக் கிறுக்கல்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. நீளமான விரல்கள், அவற்றின் நிறம். நாணலில் நிற்கும் பறவையின் விரலை யார் பார்த்தார்கள்? அதையாவது விடலாம். இறக்கையின் முதல் இறகில், வெளி ஓரத்தில், நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டு, அம்புக்குறி வேறு போட்டிருந்தாள். அந்தக் கோடு சின்னப் புத்தகங்களில் இல்லை. சார் வீட்டு அலமாரியில் இருந்த பெரிய புத்தகத்தில்தான் இருந்தது. முந்தின வாரம் பைனாகுலர் திருகு கழன்றுவிட்டதென்று எஸ்தர் சார் வீட்டுக்கு வந்து, அந்த அலமாரிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கோட்டைச் சாருக்குச் சுட்டிக்காட்டியவன் நான். பழியை மற்றவர்கள்மேல் போட எனக்கும் ஆசைதான், ஆனால் காட்டியவன் நான்தான்.

"எவ்வளவு தூரத்துலேர்ந்து பார்த்தே அம்மா?" சார் கேட்டார்.

"நாப்பதடி இருக்கும் சார்."

"சொல்லு."

சொன்னாள். காலையில் ஏரிக்கரை, நாணல் ஓரம், நாற்பதடி, கொஞ்ச நேரம் நின்றது, ஓடிவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

காலையில் ஏரிக்கரை, நாணல் ஓரம், நாற்பதடி, கொஞ்ச நேரம் நின்றது, ஓடிவிட்டது. மூன்றாம் தடவையும் ஓர் எழுத்து மாறவில்லை. முகத்தை நிமிர்த்தாமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் குறிப்பில் மூன்று பத்தியும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல் இருந்தது.

"கூட யாராவது இருந்தாங்களா?"

அவள் கொஞ்சம் தாமதித்தாள். "இல்ல சார். நான் மட்டும்தான்."

"நாப்பதடியிலேர்ந்து இந்தக் கோடு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது சார்."

"புத்தகம் ஏதாவது..."

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "சார், நான் பாத்தேன் சார். என் கண்ணால பாத்தேன். பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களா?"

சார் அப்படிச் சொல்லவில்லை. தாளை மேஜையில் ஓரமாக நேராக்கி வைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய நாலு கார்டுகளை ஒன்றரை வருஷமாக மாதாமாதம் படித்தவன் நான். அவள் எண்ணிக்கையில் ஒரு வாத்துகூடக் கூட்டிப் போட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"ஏற்க இயலவில்லை" என்று எழுதினேன். எழுத்து அன்றைக்கும் நன்றாகத்தான் விழுந்தது. அதே மாதம் பல்லாவரத்து வங்கி அதிகாரியின் கழுகு ஒன்றை ஏற்றுக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூட இன்னொரு வங்கி அதிகாரி இருந்தாராம். இரண்டு சாட்சி, விதிப்படி சரி. அது பருந்து என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன்.

அடுத்த வாரம் பைனாகுலர் ஒரு மஞ்சள் பையில் சார் வீட்டுக்குத் திரும்பி வந்தது. பையில் கடிதம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு கார்டும் வரவில்லை. திருமுடிவாக்கம் பக்கத்து ஏரியில் என்ன வருகிறது, எத்தனை வருகிறது என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. குழுவில் சிலர், "பார்த்தீங்களா, மாட்டிக்கிட்டதும் நின்னுட்டா" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

ஆறேழு வருஷம் கழித்து நிலப் பதிவு விஷயமாகச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போயிருந்தேன். டீக்கடையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துத் தொழிற்சாலையில் வாட்ச்மேன்.

"இன்னா சார், நல்லா கீறீங்களா? தெர்லயா? எஸ்தர் அண்ணன் சார், சாமுவேலு. ஒரு தபா வூட்டுக்கு வந்து மீன் சாப்ட்டீங்களே."

விசாரித்தேன். ஏரியில் தண்ணீர் கெட்டு, மீன் போய், இந்த வேலைக்கு வந்துவிட்டானாம். எஸ்தருக்குக் கல்யாணமாகி மேடவாக்கத்தில் இருக்கிறாளாம். பேச்சு அங்கே வந்ததும் அவன் குரல் மாறியது.

"அந்தக் குருவிக்காண்டி எங்க எஸ்தர் எவ்ளோ அழுதுச்சு தெர்மா சார்? பொய்யின்னுட்டீங்களே."

"அப்படி இல்ல சாமுவேல். நாப்பதடியிலேர்ந்து அதைப் பார்த்திருக்க முடியாது."

"யாரு சார் நாப்பதடி? என் வலையில மாட்டிக்கினு கெடந்துச்சு சார் அது! எஸ்தருதான் கைல வச்சுகினு ஒவ்வொரு கண்ணியா பிளேடால அறுத்துச்சு. என் வலை சார், புது வலை! அரை மணி நேரம் அறுத்துச்சு. ஒரு எறகு ஒடியாம எடுத்து, இறக்கைய விரிச்சுப் பாத்துட்டுத்தான் வுட்டுச்சு. உள்ளங்கைல உக்காந்துகினு என்னைப் பாத்துச்சு சார், செவப்புக் கண்ணு."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நான்தான் சார் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். நீங்க எழுதிப் போட்டு ரேஞ்சரு வந்து ஒரு ஆளை இஸ்துகினு போனாரே, மறந்துட்டீங்களா? வலையில குருவின்னு சொன்னா அடுத்தது நான்தானே? அது எனக்குச் சத்தியம் பண்ணிச்சு. அதான் நாப்பதடின்னு சொல்லிச்சு."

அப்படியானால் அந்தத் தாளில் இருந்தது அத்தனையும் உண்மை. தூரம் ஒன்றுதான் பொய். நாங்கள் பொய்யை நம்பி, அதை வைத்து உண்மையைத் தள்ளிவிட்டோம். மூன்று தடவையும் ஒரே மாதிரி சொன்னாளே, அது அண்ணனைக் காப்பாற்ற ஒப்பித்த பாடம். மனப்பாடம் என்று கண்டுபிடித்த எங்களுக்கு அது எதற்காக என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே சேலையூருக்குப் போனேன். சாருக்கு அப்போது காது மந்தம், கண்ணும் சரியில்லை. கேட்டு முடித்ததும், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆனாலும் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை முடிந்ததும் மணிக்கட்டுப் பித்தானைத் தடவிக்கொண்டே, "எவ்வளவு தூரம்னு கேட்டேன். பறவை எந்த நிலைமையில இருந்துதுன்னு கேட்கலை. கேட்டிருந்தாலும் நம்மகிட்ட அவ சொல்ற மாதிரி நாம நடந்துக்கலை," என்றார். பிறகு, "ஏத்துக்கலாம். இப்போ ரெண்டு சாட்சி இருக்கு. ரெண்டு பேரையும் போட்டு டைப் பண்ணுங்க. அவகிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு அப்புறம் அச்சடிங்க," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டைப் அடித்த தாளோடு மேடவாக்கம் போனேன். தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசையாக இருந்தன. எஸ்தர்தான் கதவைத் திறந்தாள். முகம் மாறவில்லை. உட்காரச் சொன்னாள், டீ கொடுத்தாள், சாரின் உடம்பை விசாரித்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். ரெக்கார்ட் கிளார்க்குக்கு அது பழக்கமில்லாத காரியம், நாக்குக் குழறியது. தாளை நீட்டினேன். சின்னக் கானாங்கோழி, இடம், மாதம், பார்த்தவர்கள்: எஸ்தர், சாமுவேல்.

அவள் நிதானமாகப் படித்தாள். "அண்ணனைப் பாத்தீங்களா சார்?"

"ஆமாம்மா. அவர்தான் எல்லாம் சொன்னார். அதுக்கப்புறம்தான் எங்களுக்குப் புரிஞ்சுது. இனிமே அவருக்கு எந்தத் தொந்தரவும் வராது. இது நம்ம பட்டியல்ல முதல் பதிவு. உன் பேரு எப்பவும் இருக்கும்."

"பேனா இருக்கா சார்?"

கொடுத்தேன். கையெழுத்துப் போடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் தாளை முழங்காலில் வைத்து, தன் பெயரை மட்டும் ஒரே கோடாக அடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"என்னம்மா இது? பார்த்தது நீதானே?"

"நான் பாத்தேன்னு நான் சொன்னேனே சார். அப்ப நீங்க நம்பல. இப்ப எங்க அண்ணன் சொல்லித்தானே நம்புறீங்க? அவர் பேரே இருக்கட்டும்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. தண்ணீர் லாரி ஹார்ன் சத்தம் கேட்டதும், "வரேன் சார், லாரி நிக்காது," என்று குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அந்த மாத அறிக்கையில், பார்த்தவர் என்ற இடத்தில் சாமுவேல் என்று மட்டும் டைப் அடித்தேன். பதிவேட்டிலும் அப்படியேதான் இருக்கிறது. அவனுக்கு அந்தப் பறவையின் பெயர்கூடத் தெரியாது.